சீன மருத்துவம் படிக்க ஆசை, வேலையை விடலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களைச் சற்று மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பிளஸ் டூவில் வணிகவியல், பிறகு பி.காம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் இருக்கிறான். அம்மாவுக்கு நெடுநாள் முழங்கால் வலி. மாத்திரை, தைலம், பிசியோதெரபி எல்லாம் பார்த்துவிட்டு ஒரு அக்குபங்சர் (உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன சிகிச்சை) மையத்துக்குப் போனார்கள். சில வாரங்களில் அம்மா மாடிப்படி ஏறத் தொடங்கினார். அந்த ஆச்சரியத்தில் இவர் சீன மருத்துவம் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தார். யின்-யாங், ஐந்து மூலகங்கள், நாடி என்று இப்போது ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறார். "இத்தனை நாள் நான் எதற்கோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், இதுதான் என் வேலை என்று தோன்றுகிறது" என்கிறார்.

அந்த மையமே ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. ஞாயிறு மட்டும் வகுப்பு, கட்டணம் 1,20,000 ரூபாய். முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம், கிளினிக் வைக்கலாம் என்கிறார்களாம். நகையை வைத்துப் பணம் கட்ட நினைக்கிறார். சீனாவுக்கே போய் ஐந்தாண்டு படிக்கலாமா என்ற கனவும் இருக்கிறது. கணவர் "இது ஏமாற்று வேலை" என்று சொல்லி, வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், இன்னொரு விஷயத்தையும் எழுதியிருக்கிறார். அதே மையத்தில் அவருடைய அப்பாவின் நாடியைப் பார்த்து, சர்க்கரை மாத்திரையையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 68. நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

அன்புள்ள சகோதரி,

முதலில் அப்பா. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இந்தப் பதிலைப் படித்த மறுநாள் காலையே, முன்பு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அவரைக் கூட்டிப்போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத நிலவரம் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்த அழுத்தம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்லும் அளவில் மாத்திரையைத் தொடங்கட்டும். பழைய சீட்டை வைத்து நீங்களாகப் பாதி, முழுசு என்று கொடுக்க வேண்டாம். அதற்குள் அடங்காத தாகம், ஓயாமல் சிறுநீர், வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"அப்பா முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். சர்க்கரை 250-ஐத் தாண்டி நிற்கும்போதும் பலருக்கு ஒன்றுமே தெரியாது. விழித்திரையும் சிறுநீரகமும் பாதத்து நரம்பும் வலி காட்டாமல்தான் கெடுகின்றன. நான் சித்த மருத்துவம் படித்து, நாடி பார்க்கக் கற்று, பின்னாளில் அக்குபங்சரும் பயின்றவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: நாடியில் விரல் வைத்து ரத்தச் சர்க்கரையின் அளவைச் சொல்ல யாராலும் முடியாது. சித்த நாடியிலும் முடியாது, சீன நாடியிலும் முடியாது. சீனாவில் உள்ள பாரம்பரிய மருத்துவமனைகளில்கூட ஆய்வகம் இருக்கிறது, இன்சுலின் இருக்கிறது. மூலிகைக் கஷாயமும் ஊசியும் அவற்றோடு சேர்ந்துதான் நடக்கின்றன. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் சீன மருத்துவத்தைப் பின்பற்றவில்லை. சீனாவில் இன்று அந்த மருத்துவத்தை நடத்துபவர்கள் செய்யத் துணியாததை அவர் செய்திருக்கிறார்.

சரி, இனி அம்மாவின் முழங்கால். அவருக்குக் கிடைத்த நிவாரணத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. நாள்பட்ட முதுகுவலி, முழங்கால் தேய்மான வலி, சிலவகைத் தலைவலி ஆகியவற்றில் அக்குபங்சர் வலியைக் குறைக்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2007-இல் வெளியானது. முறைப்படி, சரியான புள்ளிகளில் ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடங்களில், மேலாக ஊசி குத்தியவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

ஊசி குத்தியவர்கள் இரு குழுவினரும் வழக்கமான சிகிச்சையைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் சரியான புள்ளிக்கும் தவறான புள்ளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, பலன் கிடைத்தது என்பது ஒன்று, அந்தப் பலனுக்கு மையத்தில் சொன்ன விளக்கம் சரி என்பது வேறு. அம்மா படி ஏறியதால், உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகள் நிரூபணமாகிவிடவில்லை. அப்பாவின் கணையத்துக்கும் அது பொருந்தும் என்று நினைத்ததில்தான் நீங்கள் வழுக்கியிருக்கிறீர்கள். பலரும் வழுக்கும் இடம் இது.

ஐயாயிரம் ஆண்டு மாறாத ஞானமா?

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் ரசித்த பகுதி, நீங்கள் படித்த தத்துவத்தைப் பற்றி எழுதிய இரண்டு பக்கம். கவலைப்பட்ட பகுதியும் அதுதான். "ஐயாயிரம் வருடமாக ஒரு எழுத்துக்கூட மாறாத ஞானம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை வரலாறு அதைவிடச் சுவையானது.

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்டுய் என்ற இடத்தில் 1973-இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்டது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் இருந்தன. இன்று எல்லா வகுப்பிலும் பன்னிரண்டு முதன்மைப் பாதைகள் என்று சொல்லித் தருகிறார்கள் அல்லவா, அந்தச் சுவடிகளில் பதினொன்றுதான் இருக்கின்றன. அந்தப் பாதைகளுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை சூடு போடுவது; ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்னிரண்டு பாதைகளும் ஊசி முறைகளும் விரிவாக வருவது, மஞ்சள் பேரரசரும் மருத்துவர் சி போவும் உரையாடுவதுபோல் அமைந்த ஹுவாங்தி நெய்ஜிங் என்ற தொகுப்பில். ஹான் அரச மரபின் காலத்தில் பல கைகள் சேர்ந்து தொகுத்த நூல் அது. அதற்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள் உண்டு. அவற்றைத் தொகுத்தவர்கள் முரணை மறைக்கவில்லை.

அடுத்து, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர். தன் மருத்துவ நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையை ஒருமுறை படித்தால் மறக்க முடியாது. இருநூறு பேருக்கு மேற்பட்ட தன் குடும்பத்தில் பத்தாண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துவிட்டார்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர்க் காய்ச்சலால் போனார்கள் என்று எழுதுகிறார். பழைய வரியை ஒப்பித்துக்கொண்டு, நாடியை அவசரமாகத் தொட்டுவிட்டு மருந்து எழுதும் தன் காலத்து வைத்தியர்களை அவர் கடிந்துகொள்கிறார். அவர் தரும் முதல் கஷாயத்தைப் பாருங்கள்: இலவங்கப்பட்டை இனத்துக் கிளை, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, இலந்தை இனத்துப் பழம். குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும். போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பு முழுக்க லேசாக ஈரம் கசிய வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. ஓடினால் நோய் தீராது. ஒரு முறை குடித்து வியர்த்துக் குணம் தெரிந்தால் மீதியை நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு அருகில் உட்கார்ந்து, எவ்வளவு பொறுமையாக நோயாளியைப் பார்த்திருந்தால் இப்படி எழுத முடியும்! நீங்கள் தேடும் தத்துவம் யின்-யாங் வட்டத்தைவிட இந்தக் கஞ்சிக் குறிப்பில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த மரபு தன்னைத்தானே திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. 1596-இல் அச்சான மூலிகைப் பெருநூலில் லி ஷிஜென் 1,892 மருந்துப் பொருள்களை விவரித்தார். முன்னோர் எழுதிய பல தவறுகளைச் சுட்டிக்காட்டினார். பாதரசம் சாப்பிட்டால் சாகாவரம் என்று சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். (நம் சித்த மரபில் இருப்பவர்களும் படிக்க வேண்டிய பக்கம் அது.) 1822-இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி சிகிச்சையையே தடை செய்தார். 1929-இல் சீன அரசின் சுகாதார மாநாடு பழைய மருத்துவத்தை ஒழிக்கும் திட்டத்தை ஏற்றது. நாடெங்கும் வைத்தியர்கள் திரண்டு எதிர்த்ததால் அது நடக்கவில்லை. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்து நகரங்களில் அரசு கல்லூரிகள் தொடங்கியபோதுதான் சிதறிக் கிடந்த பல வழிகள் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன. இன்று உலகமெங்கும் கற்பிக்கும் சீன மருத்துவம் பெரும்பாலும் அந்தப் பாடப்புத்தகங்களின் வாரிசு.

தூ யூயூவின் கதையை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள், பழைய நூலே நோபல் வாங்கித் தந்தது என்று. நடந்ததைப் பாருங்கள். மலேரியாவுக்கு மருந்து தேடும் அரசுத் திட்டம் 1967-இல் தொடங்கியது. தூ யூயூ மருந்தியல் படித்தவர், பிறகு சீன மருத்துவத்திலும் பயிற்சி பெற்றவர். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு சோதனைக்குச் சோதனை வேறு வேறு பலன் காட்டியது. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பு அவர் கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் முதலில் தாங்களே குடித்து ஆபத்தில்லை என்று உறுதி செய்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015-இல் நோபல் பரிசு. பழைய நூலில் ஒரு வரி, அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டு ஆய்வகம். அந்த வரியை மதித்தார், ஆனால் நம்பிவிடவில்லை, சோதித்தார். நீங்கள் இந்த மரபைப் படிக்கப் போவதாக இருந்தால் இப்படிப் படியுங்கள்.

போகர், வர்மம், பஞ்சபூதம்

போகர்தான் இதைச் சீனாவுக்குக் கொண்டுபோனார், ஆகவே இது நம்முடையதே என்று எழுதியிருக்கிறீர்கள். போகர் கதை எனக்கும் பிடிக்கும். பழனிக்குப் போகும்போதெல்லாம் அவர் சமாதியில் நின்றுவிட்டுத்தான் வருவேன். ஆனால் அக்குபங்சர் இங்கிருந்து போனது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்கி நாளந்தாவில் படித்த சீனத் துறவி யிஜிங், இந்திய மருத்துவத்தையும் ஓரளவு கற்றவர். ஊசி, சூடு, நாடி ஆகிய கலைகளில் இந்தியப் பகுதிகள் எதுவும் சீனாவை மிஞ்சவில்லை என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்து நூல்களில் நாடி பார்ப்பது சார்ங்கதரர் என்ற ஆயுர்வேத நூலாசிரியரின் காலத்தில், 13-14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தெளிவாக வருகிறது. இங்கிருந்து அங்கே போனதும் உண்டு: கண்புரையை ஊசியால் தள்ளும் சிகிச்சையை இந்தியத் துறவிகளிடமிருந்து தாங் அரச மரபின் காலத்துச் சீனா கற்றது. கொடுத்தோம், வாங்கினோம். நம் காலத்திலும் அப்படித்தான். 1938-இல் போர்க்காலச் சீனாவுக்கு இந்தியா அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவரான பிஜோய் குமார் பாசு, பின்னாளில் மீண்டும் சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து, 1959-இல் கொல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்.

ஐந்து மூலகமும் பஞ்சபூதமும் ஒன்று என்பதும் சரியில்லை. எண்ணிக்கை மட்டும்தான் ஒன்று. நமக்கு நிலம், நீர், தீ, காற்று, வெளி. பொருள்கள் எதனால் ஆனவை என்று சொல்வது அது. அவர்களுக்கு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். ஒன்று எப்படி இன்னொன்றாக மாறுகிறது, எது எதை வளர்க்கிறது, எது எதை அடக்குகிறது என்று சொல்வது. மரம் நெருப்பை வளர்க்கும், மண்ணை அடக்கும். காற்றும் வெளியும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. வர்மப் புள்ளியும் அக்குபங்சர் புள்ளியும் சில இடங்களில் ஒத்துப்போகலாம். மனித உடம்பு ஒன்றுதானே. வர்மம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து பிறந்த அறிவு. இரண்டையும் கலந்து ஒரே பாடமாக நடத்தும் ஆசிரியரிடம் இரண்டுமே முழுசாகக் கிடைக்காது.

டிப்ளமோவும் டாக்டர் பட்டமும்

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள சுகாதார ஆராய்ச்சித் துறை 2019 பிப்ரவரி 21 தேதியிட்ட ஆணையில் அக்குபங்சரைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. உங்கள் மையம் சுவரில் மாட்டியிருக்கும் ஆணை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கீகாரம் கிடைத்தது முறைக்கு. அதை நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்தின் சான்றிதழுக்கும் அல்ல. மகாராஷ்டிரம் தனிச் சட்டம் போட்டு, பதிவுக்கு ஒரு கவுன்சில் அமைத்தது. தமிழ்நாட்டில் அதுபோல் சட்டப்படி அமைந்த அக்குபங்சர் கவுன்சில் இல்லை. பெயரில் கவுன்சில், போர்டு என்று வைத்துக்கொண்டு, சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவான அமைப்புகள் பல இருக்கின்றன. அவை தரும் பதிவு எண் மருத்துவர் பதிவு எண் ஆகாது.

பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம் என்றது தவறான வழிகாட்டல். ஓராண்டு டிப்ளமோவை வைத்து அப்படிப் பலகை மாட்டினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள், சொல்லிக் கொடுத்தவர் அல்ல. பதிவு இல்லாமல் நவீன மருத்துவம் பார்த்தால், அதாவது மாத்திரை எழுதினாலோ ஊசி மருந்து போட்டாலோ, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று நோட்டீஸ் அடித்தால் 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் தண்டனை ஐந்தாண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அப்படி நேர்ந்தால் இரண்டாண்டு வரை. அந்தச் சலுகை டிப்ளமோ சான்றிதழுக்குக் கிடைக்காது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை ஊசி. உங்கள் கழுத்துக்கும் தோள் மூட்டுக்கும் நடுவே, தோள்பட்டையின் மேல்பகுதியை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கழுத்து வலி என்று வருபவர்களுக்கு எல்லோரும் ஊசி குத்தும் இடம் அது. சதைக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கு மிக அருகில். ஊசி சற்று ஆழமாக, தவறான சாய்வில் இறங்கினால் நுரையீரல் உறையில் காற்று புகுந்து மூச்சு முட்டும். வீட்டுக்குப் போன பிறகுகூடத் தெரிய வரலாம். படத்தில் புள்ளியைப் பார்த்துக் கற்றவருக்கு இந்த ஆழம் தெரியாது. பழைய சீனாவே இதை உணர்ந்திருந்தது. 1027-இல் அரசு ஆணைப்படி வாங் வெய்யி ஆளுயர வெண்கல உருவங்களை வார்த்தார். ஊசிப் புள்ளிகளில் இருந்த துளைகளை மெழுகால் மூடி, உள்ளே நீர் ஊற்றி, மாணவனைக் குத்தச் சொல்வார்களாம்; சரியான இடத்தில் பட்டால் மட்டும் நீர் வெளியே வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்வு வைத்துத்தான் ஆளின் உடம்பில் கை வைக்க விட்டார்கள்.

மூலிகைக்கும் இதே எச்சரிக்கைதான். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் மையம் ஒன்றில் சீன மூலிகைக் கலவை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயும் உண்டாக்கும். அதே குடும்பத்துச் செடிகள் நம்மிடமும் இருக்கின்றன: ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை. இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு இல்லை என்று உங்கள் மையம் சொல்லும் வாசகத்தை இனி நம்ப வேண்டாம்.

முறையான படிப்பும் சீனக் கனவும்

இந்தியாவில் அக்குபங்சரையும் பாடத்துக்குள் வைத்து, பதிவும் தரும் பட்டம் பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவப் படிப்பு, சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ். இரண்டும் ஐந்தரை ஆண்டு. சித்தாவுக்கு நீட் வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் படிக்காததால் இந்த இரண்டு வாசலும் உங்களுக்கு நேராகத் திறக்காது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

சீனாவில் பாரம்பரிய மருத்துவ இளநிலைப் பட்டம் ஐந்தாண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் அங்கே கட்டாயம். பழைய நூலை மூலத்தில் படிக்க மொழி வேண்டும், நோயாளியிடம் பேசவும் வேண்டும். அத்தனையும் முடித்துத் திரும்பினாலும் இந்திய மருத்துவ முறைகளுக்கான 2020 சட்டம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா (திபெத்திய மருத்துவம்) நான்கை மட்டும்தான் பதிவு செய்கிறது. சீன மருத்துவம் அதில் இல்லை. மகனின் பள்ளிப் பருவம் முழுவதும் வெளியே இருந்து, வந்து பதிவு பெற முடியாத பட்டம்! உங்கள் நிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் யோசனை

வேலையை விடாதீர்கள், நகையை வைக்காதீர்கள். உங்கள் ஆசையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று இந்தச் சிந்தனையைப் புரிந்துகொள்ளும் ஆசை. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், நாளையே தொடங்கலாம். சீன மொழியின் அடிப்படையை இணையவழியில் கற்கத் தொடங்குங்கள். நல்ல மொழிபெயர்ப்பில் நெய்ஜிங்கைப் படியுங்கள். கூடவே, பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தையும் வாங்கி உட்காருங்கள். ஒரு வருடம் இப்படிப் போகட்டும். சித்தா, ஆயுர்வேதம், சீனம் மூன்றையும் ஒப்பிட்டு எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் மிகக் குறைவு. கணக்கு எழுதிப் பழகியதால், எந்தத் தகவல் எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். மருத்துவ வரலாறு எழுத முதலில் வேண்டியது அதுதான்.

இரண்டாவது, பிறர் வலியைக் குறைக்கும் ஆசை. அது நல்ல ஆசை, அதை யாரும் கேலி செய்ய விடாதீர்கள். ஆனால் பிறர் உடம்பில் ஊசி ஏற்றுவதற்கு, அந்த ஒரு வருடத்துக்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், வலி சிகிச்சைக்கு மட்டும், அவர் நோய் என்னவென்று கண்டறிந்த பிறகு.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. மையத்தைப் பற்றிய அவர் சந்தேகம் நியாயமானது. மரபு முழுவதையும் ஏமாற்று என்பது நியாயமில்லை. ஆனால் மாமனார் மாத்திரையை நிறுத்தியதைப் பார்த்துப் பயந்த மனிதர் அவர், அந்தப் பயத்தில் வந்த வார்த்தை அது என்று எனக்குப் படுகிறது. அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது அவரையும் உடன் வரச் சொல்லுங்கள். டிப்ளமோ பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

அந்த மையத்தில் முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அவர்கள் கூப்பிட்டால் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சான்றிதழ் தரும் அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது? உடற்கூறியல் எத்தனை மணி நேரம், யார் நடத்துகிறார், அவர் தகுதி என்ன? மாணவர் எத்தனை நோயாளிகளை, யார் மேற்பார்வையில் பார்ப்பார்? ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவையா, பயன்படுத்தியதை உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி வெள்ளை நிறக் குத்துப்படாத பெட்டியில் போட்டு ஒப்படைக்கிறார்களா? பாதியில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா? பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக மட்டும் சொன்னால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.